பேட்டரி வண்டியில் ஒரு கிர்ர்

பங்குனி 9, திங்கள்

காலையிலேயே வெயில் சுள்ளென்று. அங்கன்வாடிக்குப் போகிற வழியெல்லாம் பேட்டரி வண்டியில் ஒரு சத்தம். பின் சக்கரத்தில், மோட்டார் இருக்கிற இடத்தில். கிர்ர்... கிர்ர்... முறுக்கினாலும் வருகிறது, கையை எடுத்தாலும் வருகிறது. மதகு தாண்டியதும் நின்றுவிட்டது. திரும்பும்போது மறுபடி. ஒன்றும் புரியவில்லை.

சாயங்காலம் வீட்டுக்காரர் ஓட்ட, நான் பின்னால். “கேக்குதாங்க?” என்றேன்.

“என்னது?”

“சத்தம்!”

“ஒண்ணும் இல்லையே. வண்டி சும்மா பூ மாதிரி போவுது.”

எனக்குக் கேட்டுக்கொண்டேதான் இருந்தது.

கேஸ் சிலிண்டருக்குப் பதிய மறந்துவிட்டேன்.

பங்குனி 10, செவ்வாய்

சந்தேகங்கள்: நம்பர் பிளேட் (திருகு இறுக்கியாயிற்று). சைடு ஸ்டாண்டு. சீட்டுக்கு அடியில் டிபன் டப்பா (எடுத்துவிட்டு ஓட்டினேன், அப்படியேதான்). மிச்சம் மோட்டார். இல்லாவிட்டால் என் காது.

“உனக்குத்தான் காதுல ஏதோ கோளாறு,” என்கிறார். சொல்லிவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார். எரிச்சலாக வந்தது. அவர் பார்த்து வாங்கிய வண்டி, குறை சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார், அவ்வளவுதான்.

மதியம் பிள்ளைகள் தூங்கும்போது காதைப் பொத்திப் பொத்தித் திறந்து பார்த்தேன். சமையல் அக்கா சிரிக்கிறார்.

பங்குனி 11, புதன்

மேகமூட்டம். மழை இல்லை. பக்கத்து வீட்டுச் செல்வி வாசலில் நின்றாள். நான் எதுவும் கேட்கவே இல்லை. “என்னக்கா, வண்டி இந்தக் கத்து கத்துது? தெருமுனையிலயே கேக்குதே!”

அப்பாடா, என் காதில் கோளாறு இல்லை. அவரிடம் சொன்னேன். “ரெண்டு பேரும் சேந்துட்டீங்களா?” என்று சிரித்தார். சிரிப்பு சரியாக இல்லை. நான் கத்தினேன், அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். வண்டிச் சத்தத்துக்கு இவ்வளவு கோபம் எதற்கு?

திங்கட்கிழமை மறுபடி நெல் அறுப்பு மிஷின் ஓட்டக் கிளம்புகிறார். போகிற நேரத்தில் சண்டை வேறு. அவர் சட்டைகளை இஸ்திரிக்குப் போட வேண்டும்.

பங்குனி 12, வியாழன்

அங்கன்வாடி என்று அவரிடம் சொல்லிவிட்டு, லீவு போட்டுக் கும்பகோணம். பேட்டரி வண்டி பார்க்கிற தம்பி முதலில் பேரிங் என்றார். அப்புறம் மோட்டாரே போச்சு என்றார். சக்கரத்தைக் கழற்றினால் அச்சைச் சுற்றி உளுந்துச் செடி! நார் நாராக முறுக்கிக்கொண்டு, இடுக்கில் காய்ந்த நெற்று வேறு.

“ரோட்டுல காயப்போட்டிருந்தாங்களாக்கா? மேல ஏத்திட்டு வந்தீங்களா?”

எங்கள் பக்கம் யார்தான் ஏற்றவில்லை? செடியைத் தார் ரோட்டில் பரப்புவதே வண்டி ஏறி நெற்று உடையட்டும் என்றுதான்.

“வடைக்கு ஊறப்போடலாம் போல,” என்று அந்தத் தம்பி சிரித்தார். எல்லாவற்றையும் வெட்டி எடுத்துச் சக்கரத்தை மாட்டிக் கொடுத்தார். வண்டியில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. வழியெல்லாம் சந்தோஷம். ஆடுகள் விலகவே மாட்டேன் என்கின்றன, ஹாரன் அடிக்க வேண்டியிருந்தது.

வாசலில் அவர். சண்டை போட்டது மனசில் இருந்திருக்கும். நான் வாயைத் திறப்பதற்குள் சாவியை வாங்கித் தெருக்கோடி வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

“நீ சொன்னது சரிதான் கலா. கிர்ருன்னு நல்லாவே கேக்குது. நாளைக்கே கும்பகோணம் கொண்டுபோயிடலாம்.”

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இல்லாத சத்தம் எப்படிக் கேட்டது? பதினைந்து வருஷமாக மிஷின் இரைச்சலுக்குள் உட்கார்ந்திருக்கிற மனிதர். காது எப்போதிருந்து இப்படி? அவருக்குத் தெரிந்தேதான் மறைக்கிறாரா? வெளியே தெரிந்தால் மிஷினுக்குக் கூப்பிட மாட்டார்கள் என்ற பயமா? திங்கட்கிழமை மிஷினுக்குப் பின்னால் யாராவது நின்று கத்தினால்? அழுகை அழுகையாக வந்தது.

“நாளைக்கு ரெண்டு பேருமே போவோங்க,” என்றேன்.

“என்ன?” என்றார்.

கிட்டப் போய், இன்னும் சத்தமாகச் சொன்னேன்.