வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

ஆம்பூர் வட்டம்,
சனிக்கிழமை

அன்பு மகள் தமிழினிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே நன்றாக இருக்கிறோம், நகோயா குளிரில் நீயும் நன்றாக இருப்பாய் என்றே மனசைத் தேற்றிக்கொள்கிறேன். போனில் சொல்ல நா எழாததால் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன். அம்மாவுக்கு முட்டிவலி கம்மி. நீ அனுப்பிய ஜப்பான் கார்ட்டூன் படத்தை மூன்று மதியங்களாகப் பிரித்துப் பார்த்தோம். அதில் துணிக்குச் சாயம் போடும் ஊரின் ஆறு ஒரு விடியலில் எழுந்து, சினைப் பசு மாதிரி மெல்ல அசைந்து தெருவில் வந்து, ஒவ்வொரு வீடும் தனக்குக் கொடுத்ததை அந்தந்த வாசலில் இறக்கி வைத்துவிட்டுப் போகிறதே, அங்கே அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டாள். ஆற்றுக்குக் கோபமே வரவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஆற்றைக் கும்பிடுவதைவிட அது என்ன குடித்தது என்று கேட்பதுதான் மரியாதை என்று படம் சொல்வதாகப் பட்டது, நான் தவறாகவும் புரிந்துகொண்டிருக்கலாம்.

அன்றிலிருந்து மதியம் கண் அயர்ந்தால் பாலாறு நம் தெருவில் வருகிறது. வேலியெல்லாம் நுரை பஞ்சாக ஒட்டுகிறது. நம் வாசலில் நின்று சின்னச் சின்ன பாட்டில்களை வரிசையாக வைக்கிறது, எல்லாவற்றிலும் என் கையெழுத்து, எல்லாமே தெளிந்த தண்ணீர். உனக்கு ஒன்று சொல்ல வேண்டும் மகளே. தோல் பதனிடும் டேனரியின் ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருடம் வாராவாரம் வாய்க்கால் கழிவுநீரை எடுத்துச் சோதித்தேன். வெள்ளிக்கிழமை பகல் ஒன்றேகால் மணிக்கு. எல்லோரும் ஜும்மா தொழுகைக்குப் போயிருப்பார்கள், யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்றுதான் அந்த நேரத்தைப் பிடித்தேன். தோல் ஊறும் டிரம்களும் அப்போது நின்றிருக்கும், வாய்க்காலுக்குக் கழிவு வராது என்பதை யோசிக்கவில்லை, யோசித்த பிறகும் கூச்சத்தில் மாற்றவில்லை. அங்கே டிரம் வேலை பார்த்த முனீர் அகமது பாயிடம் போன வாரம் சொன்னேன். "இன்னா சார், நாங்க தொழப் போன நேரமா பாத்துப் புடிச்சா வாய்க்கா தண்ணிகூட சுத்தமாத்தான் இருக்கும்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "கிராம சபையில சொல்லிடுங்க சார், அந்தக் கிணத்துத் தண்ணிய புள்ளைங்க குடிக்கப் போவுது" என்றார்.

டேனரி மூடி ஐந்து வருடமாகிவிட்டதால் வாய்க்காலை ஒட்டிய பொதுக் கிணற்றைக் குடிக்கத் திறந்துவிட நாளை காலை பத்து மணிக்குக் கிராம சபையில் முடிவெடுக்கிறார்கள். புதிதாகச் சோதிக்க வேண்டாம், கன்னியப்பன் சார் எழுதிவைத்ததே போதும் என்கிறார்கள். அவர்கள் அதை மரியாதையாகச் சொல்வதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. எழுந்து படிக்க ஆறு வரி எழுதியிருக்கிறேன். நான்கு முறை திருத்தியும் 'ஒருவேளை' என்ற சொல் எப்படியோ உள்ளே வந்துவிட்டது, அம்மா பேனாவை வாங்கி அதை அடித்துவிட்டாள்.

வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீ நீடூழி நலமாக இருக்க எங்கள் இருவரின் ஆசிகள். ஒன்று மறக்காதே, ஞாயிறு பத்து மணிக்கு வழக்கம்போல் கூப்பிடாதே. போனில் உன் பெயரைப் பார்த்தால் அதையே சாக்காக வைத்து எழுந்து வெளியே வந்துவிடுவேன்.

உன் அப்பா,
கன்னியப்பன்