தூக்க முடிகிற வண்டி

என் அன்பு அத்தானுக்கு,

நீங்கள் போனபிறகு இது இரண்டாவது மழைக்காலம். நம் செங்கல் ஊரில் எல்லாரும் சுகம் என்று எழுத ஆசை. ஆனால் எல்லைப் போராட்டம் இன்னும் ஓயவில்லை. இந்த ஊர் தமிழோடு சேருமா, மலையாளத்தோடா என்று ஊர்வலம், கடையடைப்பு, போலீஸ். பஸ் ஓடினால் அதிசயம். பிள்ளைகள் பிறப்பது மட்டும் நிற்கவில்லை. பிரசவம் பார்க்க மலையடிவாரத்திலிருந்தும் கூப்பிடுகிறார்கள். நடந்து நடந்து கால் வீங்கிவிட்டது, அத்தான்.

அதனால் வண்டி வாங்க உங்கள் தம்பி நேசையனோடு அமரவிளைக்குப் போனேன். பட்டாளத்தில் ஓடிய பழைய மோட்டார் சைக்கிள்கள் இரண்டு நின்றன. ஒன்று சின்னது. மற்றது உங்கள் வண்டியைப் போலவே பெரியது.

"மைனி, பெருச எடுப்போம். நான் ஓட்டுதேன். மலையோ காடோ, எங்க வேணும்னாலும் போவும்," என்றான் நேசையன்.

எனக்கு நாம் இருவரும் உங்கள் வண்டியில் வந்த அந்தச் சாயங்காலம்தான் கண்ணில் நின்றது. ரோட்டில் போராட்டக்காரர்கள் மரத்தை வெட்டிப் போட்டிருந்ததால் ரப்பர்த் தோட்டம் வழியாகத் திரும்பினோம். செம்மண் சறுக்கியது. நான் ஓரமாக விழுந்தேன். வண்டி உங்கள் கால்மேல் விழுந்து கிழித்தது. எத்தனை தரம் தூக்கிப் பார்த்தேன்! அசையவே இல்லை.

"எனக்கு ஒண்ணும் இல்ல, ரோசம்மா. நீ போய் ஆளக் கூட்டீட்டு வா," என்றீர்கள்.

போலீசுக்குப் பயந்து யாரும் கதவைத் திறக்கவில்லை. நான் ஆளோடு ஓடிவந்தபோது உங்கள் ரத்தமெல்லாம் மண்ணில் போய், உயிரும் போயிருந்தது. யாரைக் குறை சொல்ல?

"அந்தச் சின்ன வண்டியக் கீழ சாய்ச்சுப் போடுங்க," என்றேன் கடைக்காரரிடம்.

அவர் சிரித்தார். "வண்டி ஓட்டதுக்காக்கும் அம்மா, தூக்கதுக்கு இல்ல."

"எனக்குத் தூக்கவும் வேணும்."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தேன். முதலில் கை நழுவியது. மறுபடி பிடித்தேன். வண்டி எழுந்து நின்றது. நேசையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "இது மதி, மைனி. நமக்கு இதே போதும்," என்றான்.

வேகம் குறைவுதான். ஏற்றத்தில் திணறினால் நான் இறங்கித் தள்ளுகிறேன். ஓடை வந்தால் இருவரும் தூக்கிக்கொண்டு தாண்டிவிடுகிறோம். போன வாரம் வெள்ளறடைக்கும் அப்பால் ஒரு வீட்டில் இரட்டைப் பிள்ளைகள். தாயும் பிழைத்தாள். அந்த வீட்டுக்காரர் கேட்டார், "சிஸ்டர் தமிழ்ப் பக்கமா, மலையாளப் பக்கமா?"

"கொஞ்சம் கஞ்சி தாங்க. குடிச்சிட்டுச் சொல்லுதேன்."

குடித்ததும் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனேன். அங்கே உங்களுக்காவது ஓய்வு உண்டா, அத்தான்?

எல்லையை எங்கே போட்டாலும் போடட்டும். கூப்பிட்ட வீட்டுக்குப் போவேன். போன இடத்திலிருந்து உங்கள் தம்பியை முழுசாக வீட்டுக்குக் கூட்டிவருவேன். இது நான் உங்களுக்குத் தருகிற வாக்கு.

என்றும் உங்கள் மனைவி,
ரோசம்மாள்