தவளை டிஸ்க்கைப் பிடித்து வைத்திருந்த ஆள்

நவம்பர் 12, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மூடுபனி. எதிர்வீட்டுச் சேவியர் வந்ததே இருமல் கேட்டுத்தான் தெரிந்தது. டயட்டாம். மூன்று தோசை.

மனைவி சாந்தி சோலைக்காட்டில் எடுத்த தவளைப் படங்கள் மதுரைக் கண்காட்சிக்குத் தேர்வாகிவிட்டன. வியாழன் பகல் பஸ். அவள் அண்ணன் வீட்டில் தங்கல். (மச்சினர் மீசைக்கு மட்டும் கறுப்பு அடிக்கிறார். தலை பஞ்சு. மீசை நட்டு வைத்த மாதிரி.)

வேலை: படங்களை, மதுரைக்கு எடுத்துப் போக, அவளுடைய ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றுவது. வீட்டில் கம்ப்யூட்டர் இலாகா என்னுடையது, பாவம் கம்ப்யூட்டர்.

நவம்பர் 13, புதன்

மழை. பாதிப் படம் ஏறியது. டிஸ்க்கை ஒரு தடவை கழற்றிப் பார்ப்போம் என்றால், 'உபயோகத்தில் இருக்கிறது, விட முடியாது' என்கிறது கம்ப்யூட்டரை ஓட்டும் லினக்ஸ். படம், பாட்டு எல்லாம் மூடினேன். அதே பதில்.

சேவியர்: "சும்மா புடுங்குங்க சார், ஒண்ணும் ஆகாது."

போன வருடமும் இதே வாய். புடுங்கினேன். ஒரு மழைக்காலப் படங்கள் மொத்தமும் போச்சு. சாந்தி திட்டவில்லை. இரண்டு மாதம் கேமராவைத் தொடவில்லை. திட்டியிருக்கலாம்.

கம்ப்யூட்டரை அணைக்கவும் பயம். இந்த ஈரத்தில் அணைத்தால் பெட்டி வெயில் கண்டால்தான் எழும். மீதிப் படம் அதற்குள்.

நவம்பர் 14, வியாழன்

லேசாக வெயில். எல்லாம் ஏறிவிட்டது. டிஸ்க் விடவில்லை. அணைக்கப் போனேன். சாந்தி, தோளில் பையோடு:

"யாரு புடிச்சிருக்கான்னு அதுகிட்டயே கேக்க முடியாதாங்க?"

முடியும். அதற்கென்றே கட்டளை உண்டு. எனக்குத்தான் தோன்றவில்லை. கேட்டேன். ஒரே ஒரு பெயர்: 'லினக்ஸ் பாடம்'.

"மூணு நாளா பாடமா படிக்கிறீங்க?"

பாடமில்லை. இந்த நாட்குறிப்பு. அவள் திறக்கவே மாட்டாள் என்று அந்தப் பெயர் வைத்து, அவள் டிஸ்க்கிலேயே ஒளித்தது. காலையில் திறந்தால் நாள் முழுக்க மூடுவதில்லை. மூடப் போனேன், திரையில் விரிந்தது. நின்றபடியே படித்தாள்.

"எங்கண்ணன் மீசையப் பத்தி என்னமோ எழுதிருக்கீங்க."

"அழிச்சிர்றேன்."

"வேணாம். நெசந்தான." அடுத்த பக்கத்துக்குப் போய், "நான் கேமராவத் தொடாததெல்லாம் நீங்க கவனிச்சீங்களா?"

தலையாட்டினேன்.

"இதுவும் மதுரைக்கு வரட்டும். மீதிய அங்க படிச்சுக்கிறேன். வெரசா மூடுங்க, பஸ்ஸு போயிரும்."

மீதியில் அவள் தங்கச்சியைப் பற்றி ஒரு பக்கம் கிடக்கிறது. 'ஒரு வரி எழுதிட்டு' என்று உட்கார்ந்தேன். இதையும் தோளுக்கு மேலே நின்று படிக்கிறாள். மூச்சு விடுவதைப் பார்த்தால் சிரிப்பை அடக்குகிற மாதிரி இருக்கிறது. மூடுகிறேன்.