இழுப்பறையில் பதினேழு நாள்

பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் படி ஏறும்போது முனகுகிறது, இறங்கும்போது வாயை மூடிக்கொள்கிறது. நீயும் மருமகளும் குட்டியும் அங்கே சுகமாக இருக்க வேண்டும், இருப்பீர்கள். உன் கழுத்து வலிக்கு நான் சொன்னபடி தலையணையை மாற்றினாயா இல்லையா, டாக்டரிடம் காட்டுகிறேன் காட்டுகிறேன் என்று நீ சொல்வதை இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் உன் அத்தை உனக்குப் போன் பண்ணி, உங்கம்மா கடவுள் காரியம் நடக்கிற இடத்தில் சண்டை போட்டுவிட்டு வந்துவிட்டாள் என்று கண், காது, மூக்கு வைத்துச் சொன்னாளாம். நீயும் என்னிடம் ஏம்மா இந்த வயசுல என்று இழுத்தாய். போனில் சொல்ல ஆரம்பித்தால் எனக்குக் கோபம் முதலில் வந்துவிடும், விஷயம் பின்னால் நொண்டிக்கொண்டு வரும், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். வீடில்லாதவர்களுக்காக நடத்தும் அந்த இல்லத்தில் நான் இரண்டு வருஷம் என்ன வேலை செய்தேன் என்று உனக்குச் சரியாகத் தெரியாது. அங்கே மதியம் சாப்பாடு உண்டு, குளிக்க வெந்நீர் உண்டு, வாரத்தில் ஒரு நாள் டாக்டர் வருவார். இதை எல்லாம்விடப் பெரிய காரியம் ஒன்று உண்டு, அதுதான் விலாசம். தெருவில் படுக்கிறவனுக்குக் கடிதம் எங்கே வரும் சொல்லு. ஆஸ்பத்திரியோ நகராட்சியோ எதுவானாலும் முதலில் விலாசத்தைத்தான் கேட்கும். அதனால் இல்லத்தின் விலாசத்தை அவர்கள் எழுதிக்கொள்ளலாம், வருகிற கடிதத்தை நாங்கள் வாங்கி வைத்துக் கொடுப்போம். முப்பத்தோரு வருஷம் தபால் அலுவலகத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்தவளுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை வேறு என்ன இருக்கிறது. சுவரில் கவர் செருக நாற்பது கட்டம் போட்ட மரத்தட்டு ஒன்றை வைத்துக்கொண்டு, வந்த கவர் ஒவ்வொன்றிலும் வந்த தேதிக்கு இல்லத்தின் ரப்பர் முத்திரை குத்தி, கொடுத்த அன்று பின்னால் இன்னொரு முத்திரை குத்திக் கொடுப்பேன். யாரும் சொல்லவில்லை, பழக்கம், முத்திரை குத்தாவிட்டால் எனக்குக் கை ஓடாது.

அங்கே சமையல்கார அம்மாவும் குளியலறையைக் கழுவுகிறவரும் தங்கமான மனிதர்கள், அவர்களை நான் ஒன்றும் சொல்லவில்லை. புதிதாக வந்தாரே செயலாளர், அவரைப் பற்றித்தான் பேச்சு. எங்களுக்குள் அவருக்குப் பல்லழகர் என்று பெயர். கேமரா இருந்தாலும் சிரிப்பார், இல்லாவிட்டாலும் எங்கேயாவது இருக்கும் என்று சிரிப்பார். வந்தவுடன் முதல் சேவையாக எல்லாருக்கும் பன்னிரண்டு படம் போட்ட சுவர்க் காலண்டர் கொடுத்தார். வீடில்லாதவன் ஆணியை எங்கே அடிப்பான் என்று கமிட்டியில் இருக்கும் ஒன்பது பேரில் ஒரு தலைக்கும் தோன்றவில்லை. பாதிப் பேர் அன்றைக்கே அதைத் தரையில் விரித்துப் படுத்தார்கள். அடுத்ததாக அவர் காலைப் பிரார்த்தனைக்குக் கூட்டம் சேர்க்கக் கிளம்பினார். ஏழு மணிப் பிரார்த்தனைக்கு ஏழெட்டுப் பேர்தான் வருகிறார்கள் என்று கவலைப்பட்டு, ஒரு யோசனை கண்டுபிடித்தார். மரத்தட்டைக் கழற்றிவிட்டு, கடிதங்களை இழுப்பறையில் வைத்துப் பூட்டி, பிரார்த்தனை முடிந்த பிறகு பெயர் படித்துக் கொடுக்க வேண்டும், மற்ற நேரத்தில் திறக்கவே கூடாது. வாங்குகிறவருக்கு எல்லாரும் கைதட்ட வேண்டுமாம். ஒரே மாதத்தில் கூட்டம் ஐம்பதானது. எல்லாருக்கும் பக்தி பெருகிவிட்டது என்று கமிட்டியில் அறிக்கை படித்தார், கமிட்டியும் தலையை ஆட்டியது. மீனுக்குத் தூண்டில் போடுகிறவன்கூட மீன் என் மேல் பிரியமாக வந்தது என்று சொல்ல மாட்டான். நானும் கடவுளை நம்புகிறவள்தான், நீ சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தபோது நான் எப்படி வேண்டினேன் என்று அப்பாவைக் கேள். அதனால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

இதில் மாட்டியவர் ஒரு குடைக்காரர். ஐம்பத்தைந்து வயதிருக்கும், மொத்த வியாபார மார்க்கெட் வாசலில் உட்கார்ந்து குடையும் பையும் தைக்கிறவர், தூங்குவதும் அங்கேயே மாடிப்படிக்குக் கீழே. காலை ஆறிலிருந்து ஒன்பதுதான் அவருக்கு வேலை வரும் நேரம், ஏழு மணிக்கு எழுந்து வந்தால் அந்த இடத்தில் வேறு ஒருவர் உட்கார்ந்துவிடுவார். நகராட்சி வாடகைக்குக் கொடுக்கும் சின்ன அறைக்கு அவர் எழுதிப் போட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது. அந்தக் கடிதம்தான் வந்தது. நான் முத்திரை குத்தும்போதே கவரைத் தூக்கிப் பார்த்தேன், கனமாக இருந்தது. முடியாது என்று சொல்ல அந்த அலுவலகத்துக்கு ஒரு தாள் போதும், சரி என்று சொல்லத்தான் நாலு படிவம் வைப்பார்கள், இது எத்தனையோ ஆயிரம் கவர் தொட்ட கை. அறை கிடைத்துவிட்டது என்று எனக்கு அந்த நிமிஷமே தெரியும். தெரிந்தும் இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன், சாவி என் இடுப்பில்தான் இருந்தது. அவர் பத்து மணிக்கு மேல் வந்து, "எனக்கு ஏதாச்சும் வந்திருக்காம்மா?" என்று கேட்டார். நாளைக்குப் பிரார்த்தனைக்கு வாருங்கள் என்றேன். மறுபடி வந்தார், மறுபடியும் அதையே சொன்னேன். மூன்றாவது தடவை, "கடவுள்கிட்ட நான் குடை தைக்கறப்பவே பேசிக்கிறேம்மா, அவருக்கு அது பத்தாதா?" என்றார். நான் சொன்னதை உனக்கு எழுதக் கை கூசுகிறது. விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்றேன். பல்லழகரைத் திட்ட எனக்கு ஆயிரம் வார்த்தை இருக்கிறது, ஆனால் அந்தப் பதினேழு நாளும் அவர் ஒரு தடவைகூட அந்த இழுப்பறையைத் தொடவில்லை. தொட்டவள் நான். தினமும் காலையில் திறந்து, அந்தக் கவரைப் பார்த்து, மறுபடி பூட்டியவள் நான்.

பதினேழாம் நாள் மார்க்கெட்டுக்கு விடுமுறை, அவர் வந்தார். பெயர் படித்தார்கள், கைதட்டினார்கள், அவர் அங்கேயே நின்று பிரித்துப் படித்தார். பதினாலு நாளுக்குள் வந்து கையெழுத்துப் போடாவிட்டால் அறை அடுத்தவருக்குப் போய்விடும் என்று எழுதியிருந்தது. கைதட்டல் நிற்க நேரமானது. அவர் கவரை மடித்துக்கொண்டு என்னிடம் வந்து, "பரவாயில்லம்மா, நீங்க என்ன பண்ணுவீங்க" என்றார். நான்கு பேர் முன்னால் என்னை அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அன்றைக்கே பல்லழகரிடம் போய், கடிதம் எங்களிடம்தான் தங்கிவிட்டது என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள், நான் நகராட்சியில் காட்டுகிறேன் என்றேன். அப்படி எழுதினால் நம் சேவைக்குக் கெட்ட பெயர் வருமாம். "அவருக்காக எல்லாரும் சேர்ந்து பிரார்த்தனை பண்ணுவோம்மா" என்று அதற்கும் சிரித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பல் வரிசையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு வெளியே வந்தேன். பிறகு நானே எழுதினேன், நான்தான் வைத்திருந்தேன், தெரிந்தே வைத்திருந்தேன் என்று என் பெயர் போட்டுக் கையெழுத்துப் போட்டு, இரண்டு முத்திரையும் உள்ள கவரோடு குடைக்காரரையும் கூட்டிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அங்கே இருந்த எழுத்தர் இரண்டு தேதியையும் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, மேலே அனுப்புகிறேன், உறுதி சொல்ல முடியாது என்றார். போன மாதம் நகராட்சி விளக்கம் கேட்டு இல்லத்துக்கு எழுதியதும் கமிட்டிக்காரர்கள் என்னிடம் சாவியைக் கேட்டார்கள், மேஜை மேல் வைத்துவிட்டு வந்தேன். உன் அத்தை சொல்லும் சண்டை இவ்வளவுதான். அதற்குப் பிறகு கமிட்டித் தலைவர் வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் பணிவைப் பற்றிப் பேசினார், அப்பா நடுவில் எழுந்து போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்துவிட்டார், மழை பெய்துகொண்டிருந்தது.

நம் வீட்டில் உன் அறை சும்மாதான் கிடக்கிறது, வந்து தங்குங்கள் என்று குடைக்காரரிடம் சொன்னேன். மார்க்கெட் வாசல் இடத்தை விட்டுவிட்டு வர முடியாது என்று சொல்லிவிட்டு, "விலாசம் மட்டும் குடுங்கம்மா, போதும்" என்றார். கொடுத்தேன். அவரைப் பார்த்து இன்னும் ஆறு பேர் வாங்கிக்கொண்டார்கள், அப்பா முதலில் உனக்கு எதற்கு இந்த வம்பு என்றார், இப்போது அந்த மரத்தட்டை அவரேதான் இல்லத்தின் பழைய சாமான் குவியலிலிருந்து கேட்டு வாங்கி வந்து நம் நடையில் மாட்டியிருக்கிறார். கதவைத் தட்டுகிற எவரும் எந்த நேரமும் வாங்கிக்கொண்டு போகலாம். இன்னொன்று. இல்லத்தின் ஆண்டு மலரில் வந்த என் படத்தை அத்தை உனக்கு அனுப்பி, நீ அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பதாகச் சொன்னாயே, அதில் யாருக்கோ கடிதம் கொடுத்துக்கொண்டு பல்லழகருக்குச் சமமாகச் சிரிக்கிறேன், வலது கைக்குக் கீழே பூட்டிய இழுப்பறை தெரியும் பார். படம் எடுத்த அன்று குடைக்காரருடைய கடிதம் அதற்குள்தான் கிடந்தது. அந்தப் படம் உன் வீட்டில் வேண்டாம், கழற்றிவிடு.

இதை எழுதும்போதே தபால்காரர் வந்துவிட்டுப் போனார், எழுந்து போய் வாங்கி வந்து எழுதுகிறேன். நகராட்சிக் கவர், குடைக்காரர் பெயர், நம் வீட்டு விலாசம். சாயங்காலம் அவரே வருவார், அப்போது கொடுத்தால் போயிற்று, வெயிலில் எதற்கு அலைகிறாய் என்கிறார் அப்பா. ஒரு மணி நேரம்கூட இது என் வீட்டில் கிடக்காது. குட்டிக்கு என் முத்தம், மருமகளை நேரத்துக்குச் சாப்பிடச் சொல், கடவுள் உங்களை ஒரு கதவும் மூடாமல் நடத்தட்டும். தலையணையையும் படத்தையும் மறக்காதே. மீதியை எழுத நேரமில்லை, கவரைத் தூக்கிப் பார்த்துவிட்டேன், கனமாக இருக்கிறது.

இப்படிக்கு,
செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கும் உன் அம்மா