ஐந்தாவது வரி

என் அருமைக் கழுதைக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம், என் இடது முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தாலே முனகுகிறது. நீ சுகமாக இருக்கிறாய், போன வாரம் வீடு மாறியிருக்கிறாய், சாமான்களை இன்னும் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை என்பதெல்லாம் அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை நீ அவர் போனுக்குக் கூப்பிடும்போது நான் பக்கத்து அறையில் மடித்த துணியையே பிரித்து மடித்துக்கொண்டு நிற்கிறேன். அவர் வேண்டுமென்றே ஊருக்கே கேட்கிற மாதிரி பேசுவார், ஓஹோ, சளி விட்டுடுச்சா, நல்லதாப் போச்சு என்று. எனக்குக் காதில் விழட்டும் என்றுதான். இனிமே எனக்குப் போன் பண்ணாதேன்னு நான் சொல்லி, வருகிற வாரத்தோடு ஐந்து மாதம் ஆகிறது. வேலை இன்னும் மூன்று வருடம் அங்கேதான், ஊருக்குத் திரும்ப முடியாது என்று நீ சொன்னதும் வாயில் வந்ததைக் கொட்டிவிட்டேன். பல் தேய்க்கப் பத்து தடவை சொன்னாலும் நகராதவன், இதை மட்டும் ஒரே தடவையில் கேட்டுக்கொண்டாய்.

வீட்டில் பெரிய சேதி ஒன்றும் இல்லை. குளியலறைக் குழாய் சொட்டுகிறது, அப்பா நாளைக்குப் பார்க்கிறேன் என்று ஒரு மாதமாகச் சொல்கிறார், ஊரார் வீட்டு வயரிங் என்றால் மட்டும் டெஸ்டரைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார். பள்ளிக்கூடத்தில் என் பேச்சுப் பயிற்சி வகுப்பு நடக்கிறது. பேச்சு வராத பிள்ளைகளுக்காக நீ செய்து கொடுத்த செயலியில் போன வாரம் வரைக்கும் நானூற்றுப் பன்னிரண்டு படங்கள் இருந்தன. படத்தைத் தொட்டால் என் குரல் பேசுகிறது, அதனால் இருபத்திரண்டு பிள்ளைகளும் ஒரே குரலில் தண்ணி கேட்கிறார்கள். நீங்க லீவு போட்டாலும் உங்க சத்தத்துலேர்ந்து எங்களுக்கு லீவு இல்லை என்று வகுப்பு டீச்சர் சிரிக்கிறாள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை வந்து சேர்ந்தாள், ஆறு வயது, நாங்கள் வாலு என்று கூப்பிடுகிறோம். போன புதன்கிழமை டீச்சரின் கையைக் கடித்துவிட்டாள், நல்ல கடி, பல் பதிந்துவிட்டது. கொஞ்ச நேரம் மூலையில் உட்கார்ந்திருந்துவிட்டுத் தானாகவே டேப்லெட்டை எடுத்து வந்து டீச்சர் முன்னால் நின்றாள். ஒவ்வொரு பக்கமாகத் தள்ளித் தள்ளித் தேடினாள். தண்ணி என்று தொட்டாள், வீடு என்று தொட்டாள், டீச்சர் என்று மூன்று தடவை தொட்டாள், பிறகு டேப்லெட்டை வீசி எறிந்துவிட்டு ஓ என்று அழுதாள். அவள் என்ன தேடினாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நானூற்றுப் பன்னிரண்டு சொல் போட்டவள், மன்னிச்சிடு என்ற ஒன்றைப் போடாமல் விட்டிருக்கிறேன் பார். அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்து படம் வரைந்து, மூன்று தடவை பேசிப் பார்த்துப் பதிவு செய்து, நீ சொல்லிக்கொடுத்தபடி கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் செயலியைப் புதுப்பிக்கிற அந்த ஒற்றைக் கட்டளையைத் தட்டி என்டர் அடித்தேன்.

நீ கோத்துவைத்த கட்டளைகள் வரிசையாக ஓடத் தொடங்கின. முதலாவது, எல்லாப் படத்துக்கும் ஒலி இருக்கிறதா என்று சரிபார்த்தது. இரண்டாவது, ஒலியின் தலையிலும் வாலிலும் உள்ள வெற்றிடத்தை நறுக்கியது. மூன்றாவது படங்களைச் சுருக்கியது, நான்காவது எல்லாவற்றையும் செயலியாகக் கட்டியது. ஐந்தாவதில் போய் நின்றது பார், இரண்டு நிமிடம் அசையவில்லை. பிறகு இணைப்பு கிடைக்கவில்லை, பிழை எண் 255 என்று சொல்லிப் படுத்துவிட்டது. பள்ளிக்கூடத்து டேப்லெட்டுகளுக்கு அனுப்புகிற ஆறாவது கட்டளை ஓடவே இல்லை. மறுநாளும் அப்படித்தான், அதற்கு மறுநாளும் அப்படித்தான். அந்த இரண்டு நாளும் வாலு டீச்சர் பக்கமே போகவில்லை, சாப்பாட்டைக்கூட வாசலில் உட்கார்ந்துதான் சாப்பிட்டாள்.

சனிக்கிழமை அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். கட்டளைகள் எழுதியிருக்கிற கோப்பைத் திறந்து வயரிங் பார்ப்பது மாதிரி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார். இது சீரியல் பல்ப் மாதிரிதான், ஒண்ணு போச்சுன்னா பின்னாடி இருக்கறது எதுவும் எரியாது, அஞ்சாவதைப் பாரு என்றார். நீ எல்லா வரிக்கு மேலேயும் எனக்குக் குறிப்பு எழுதியிருந்தாய், இது ஒலியை நறுக்கும், இது படத்தைச் சுருக்கும், இதைத் தயவுசெஞ்சு தொடாதேம்மா என்றெல்லாம். ஐந்தாவதுக்கு மேலே ஒன்றுமே இல்லை. அந்த வரியில் உன் கம்ப்யூட்டரின் பெயர் இருந்தது. நான் பதிவு செய்கிற ஒவ்வொரு ஒலியையும் உனக்கு ஒரு நகல் அனுப்பு என்பதுதான் அந்தக் கட்டளை. நீ வீடு மாறி அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் கிடப்பதால் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை, அதனால்தான் எங்கள் வேலை நின்றது. கோப்பில் யார் என்றைக்குக் கைவைத்தார்கள் என்ற பட்டியலை அப்பா தேடி எடுத்தார். ஐந்தாவது வரியை நீ அங்கிருந்தபடியே சேர்த்ததாக, நான் உன்னைத் திட்டிய மறுநாள் தேதி போட்டிருந்தது.

அழுதேன்டா. மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். கல் நெஞ்சுக்காரன், அம்மா வேண்டாம் என்று இருந்துவிட்டான் என்று ஐந்து மாதமாக உன்னை மனதுக்குள் எத்தனை ஏசியிருப்பேன், நீ அங்கே உட்கார்ந்து என் குரலைச் சேர்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். அப்படி நீ என்னத்தைக் கேட்டிருப்பாய் என்று, அன்றிலிருந்து நான் பதிவு செய்ததையெல்லாம் எடுத்துப் பார்த்தேன், எழுபத்தாறு சொல். வலிக்குது, பசிக்குது, பென்சில், மூக்கு, கக்கூஸ் வருது, என்னைத் தள்ளாதே. இதையெல்லாமா தாய்ப்பாசம் என்று கேட்டுக்கொண்டிருந்தாய் என்று அழுகைக்கு நடுவில் சிரிப்பும் வந்தது. அப்பாவும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், கேட்டால் கண்ணாடியில் தூசி என்பார்.

அந்த வரியை அழித்துவிட்டால் எல்லாம் ஓடும் என்றார் அவர். அழிக்க விடவில்லை. நீ கொடுத்துவிட்டுப் போன நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். கட்டளைக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு போட்டால், இது நடக்காவிட்டாலும் பரவாயில்லை, அடுத்ததைப் பார் என்று அர்த்தம் என எழுதியிருந்தாய். கோட்டைப் போடப்போய் வரியையே கலைத்துவிட்டேன், திரும்ப அடித்தால் வரி சரியில்லை என்று ஒரே ரகளை. முன்னால் எட்டு ஸ்பேஸ் விட்டால் போதாதாம், டேப் என்கிற பொத்தானைத்தான் அடிக்க வேண்டுமாம். கண்ணுக்குத் தெரியாத இரண்டு வெள்ளை இடத்துக்குள் என்ன ஏற்றத்தாழ்வோ, உன் தொழில் உனக்கே வெளிச்சம். டேப் அடித்துக் கோடு போட்டு ஓடவிட்டேன். உனக்காக இரண்டு நிமிடம் காத்திருந்தது, 255 என்று முணுமுணுத்தது, பிறகு ஆறாவதுக்குப் போய்விட்டது. அந்த இரண்டு நிமிடம் தினமும் தண்டம்தானே என்றார் அப்பா. இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன்.

திங்கட்கிழமை வாலுவுக்கு அந்தப் படத்தை நான் காட்டவே இல்லை, அவளே கண்டுபிடித்தாள். டீச்சரிடம் போய் நின்று தொட்டாள். மன்னிச்சிடு என்றது என் குரல். டீச்சர் தூக்கி வைத்துக்கொண்ட பிறகும் அவள் விடவில்லை, பதினோரு தடவை தொட்டாள், போதும்டி, ஆயுசுக்கும் சேத்து மன்னிச்சாச்சு என்று டீச்சர் கும்பிட்டே விட்டாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. ஆறு வயசுக் குழந்தை இரண்டு நாளுக்கு மேல் தாங்க முடியாமல் தவித்ததை நான் ஐந்து மாதம் வாயை மூடிக்கொண்டு தாங்கியிருக்கிறேன். நான் சொன்னது தப்புடா. மூன்று வருடம் என்ற வருத்தம் இன்னும் போகவில்லை, அது வேறு, ஆனால் போன் பண்ணாதே என்று ஒரு தாய் சொல்லலாமா. என்னை மன்னிச்சிடு கண்ணா. உன் பிழைப்பை நீ பார், மூன்று வருடம் இருந்துவிட்டே வா.

உடம்பைப் பார்த்துக்கொள். புது வீட்டில் முதலில் ஸ்விட்ச் போர்டையெல்லாம் சோதித்துப் பார்க்கச் சொன்னார் அப்பா. போகிற இடமெல்லாம் நல்ல மனிதர்கள் அமைந்து, நிம்மதியாகத் தூங்கி, குறைவில்லாமல் இருக்க வேண்டும் நீ. ஒன்றே ஒன்று மறந்துவிடாதே. வருகிற ஞாயிற்றுக்கிழமை அப்பா போனுக்குக் கூப்பிட்டுப் பார்க்காதே, அன்றைக்கு அது அணைந்துதான் கிடக்கும், நானே அணைத்து அலமாரியில் வைத்துப் பூட்டப்போகிறேன். என் நம்பர் பழைய நம்பர்தான்.

காத்திருக்கும்,
உன் வாயாடி அம்மா