வண்டிக்குத் தண்ணி காட்டியவள்

மாமனார் சீதனமாகக் கொடுத்த காளைகளை விற்றுத்தான் சீனிச்சாமி அந்தப் பழைய அமெரிக்கக் காரை வாங்கினார். அன்றிலிருந்து மனைவி குருவம்மாள் அவரோடு பேசுவதில்லை. அவள் கிணற்றடிக்குப் போயிருந்த நேரத்தில் காலண்டர் தாளைக் கிழித்து எழுதினார்:

"குருவம்மா, ஒங்க அய்யாவைக் கூட்டியார ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போறேன். வெடக்கோழி ஒண்ணை அடிச்சுக் குழம்பு வை. உறைப்பு அவியளுக்கு ஒத்துக்கிடாது.

நேத்து 'வண்டிக்குத் தண்ணி காட்டு'ன்னு நான் சொன்னது, முன்னால இருக்கிற ரேடியேட்டர்ல பச்சைத்தண்ணி ஊத்தத்தான். அதுல போயி தவிட்டுத்தண்ணியைக் கரைச்சா ஊத்துவ? அது என்ன காளைமாடா? பேசாம இருக்கிறவ அதையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? ஏற்கெனவே அது ஓட்டை. போன தடவை பாதி வழியில கொதிச்சு நின்னு, ஒங்க அய்யா இறங்கி மாட்டுவண்டியில ஏறிப் போனாக. இன்னைக்கும் மானம் போகப் போகுது. எல்லாம் ஒன்னாலதான்."

சீட்டை அரிசிப் பானைக்கு அடியில் செருகிவிட்டு வாசலுக்கு வந்தார். ரேடியேட்டரைக் கழுவ நேரமில்லை. காரின் முன்பக்கம் கைப்பிடியை மாட்டி, மூச்சு வாங்கச் சுற்றிக் காரைக் கிளப்பினார். எஞ்சின் சூடேறியதும் வழக்கமாகச் சொட்டும் இடத்தைக் குனிந்து பார்த்தார். தரை காய்ந்து கிடந்தது. வெந்த தவிடு ஓட்டையை அப்பி அடைத்திருந்தது.

எஞ்சினை அணைக்காமலே உள்ளே ஓடினார். தாளின் அடியில் மிஞ்சிய இடத்தில் நுணுக்கி எழுதினார்:

"நீ எம்புட்டுத் தவிடு போட்டன்னு ஒங்க அய்யாகிட்டச் சொல்லிராத. எங்கிட்ட மட்டும் வாயைத் தொறந்து சொல்லு."