நேர்ச்சை முடியும் தலை ஊசியும்

என் ஆசை ராத்தாவுக்கு, ஸலாம்.

உன்னை அடக்கிய மையவாடிக்குப் பெண்கள் வரக்கூடாது என்பதால்தான் இந்தக் காகிதம். வர விட்டிருந்தால் உன் கபுறடியில் நின்று சத்தம் போட்டிருப்பேன். உன் மேல் அவ்வளவு கோபம் எனக்கு.

உன் மகன் கலீலுக்கு எட்டு மாதம். பத்து நாளாய் அவனோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறேன். காய்ச்சல் இரத்தத்தில் ஏறிவிட்டதாம். பெனிசிலினைத் தொடையில் குத்திக் குத்தி இரண்டு தொடையும் கல்லாகிவிட்டன. குடித்த பாலும் தங்கவில்லை. இனி மருந்து நரம்பு வழியாகத்தான் போகவேண்டும் என்றார் டொக்டர். எந்த நரம்பு, எந்த ஊசி? அங்கேதான் தொடங்கியது கூத்து.

முதலில் கையில் குத்தினார்கள். பிள்ளை ஒரு உதறு உதறினான். ஊசி நரம்பைத் துளைத்துக்கொண்டு போய்க் கை வீங்கியது. மற்றக் கையும் அப்படியே. ஒரு பகலில் ஐந்து குத்து! கடைசியில் டொக்டர் என்னையும் உன் புருஷனையும் கூப்பிட்டார். கணுக்காலைக் கீறி, நரம்புக்குள் மெல்லிய பொலித்தீன் குழாயை விட்டுக் கட்டலாமாம். நாட்கணக்கில் நிற்கும், ஆனால் அந்த நரம்பு பிறகு உதவாது, புண்ணும் சீழ் வைக்கலாம். இல்லாவிட்டால் தலை நரம்பில் சின்ன ஊசி போடலாம். கீறல் இல்லை, கை காலை உதறினாலும் லேசில் நழுவாது.

"முதல்ல தலையில பாப்பம். சரிவராட்டிக் குழாய். ஒரு பக்கம் முடிய மழிக்க வேணும்" என்றார்.

மச்சானின் முகம் கறுத்துவிட்டது. "அது அவ வெச்ச நேர்ச்சை முடி டொக்டர். கொடியேத்தத்துக்கு தர்காவுலதான் இறக்கணும். கத்தி படப்படா."

"அப்ப காலைக் கீறட்டா?"

"ஐயோ, காலும் வேணாம். கையிலயே இன்னொருக்காப் பாருங்களேன்."

கை எங்கே இருக்கிறது குத்த? நர்ஸ் மிஸ்ஸி சவரக் கத்தியோடு நிற்கிறாள், பிள்ளை அழச் சத்தமில்லாமல் கிடக்கிறான், இந்த மனிசன் முடிக்கு வழக்காடுகிறார். உன்னைத்தான் ஏசினேன், ராத்தா. முந்தின இரண்டு பிள்ளையும் தங்காத பயத்தில் நேர்ச்சை வைத்தாய், சரி. ஒரு கிடாய், ஒரு மூட்டை அரிசி என்று வைத்திருக்கக்கூடாதா? முடிதானா கிடைத்தது உனக்கு?

பிறகு நான் ஒரு வேலை செய்தேன். "மச்சான், மவுத்தாகிற அண்டைக்கு ராத்தா என்ட காதுல சொன்னா. புள்ளைக்கு ஒரு கஷ்டம் வந்தா முடியப் பாக்காதீங்க, இறக்குங்க எண்டு."

"மெய்யாவா மச்சி?"

"ஓம், மெய்தான்."

பச்சைப் பொய். உனக்குத் தெரியும்.

மிஸ்ஸி மழித்தாள், தலையை நான் பிடித்தேன். முதல் குத்திலேயே நரம்பு கிடைத்தது. நாலு நாள் நின்றது அந்த ஊசி. ஐந்தாம் நாள் நழுவியபோது காய்ச்சல் இறங்கிப் பால் குடித்துக்கொண்டிருந்தான். தொடைக் கல்லும் இளகிவிட்டதால் மிச்ச மருந்தை அங்கேயே போடுகிறார்கள், காலைக் கீறவே இல்லை. அல்ஹம்துலில்லாஹ், பாதித் தலையோடு சிரிக்கிறான். மழித்த முடியை மச்சான் ஒன்று விடாமல் பொறுக்கி கைலேஞ்சித் துணியில் முடிந்து வைத்திருக்கிறார்.

அதோடு முடிந்தது என்றிருந்தேன். நேற்று வார்டு வாசலில் பக்கத்தில் வந்து குந்தினார். நீ போன அன்று அவர் பொத்துவில் வயலில் நெல்லுச் சூடடிப்பில் நின்றவர். வந்து சேரும்போது உன்னைக் குளிப்பாட்டி முடித்திருந்தோம்.

"மச்சி, அண்டைக்கு அவ வேற என்ன சொன்னா? என்னப் பத்தி ஒண்டும் சொல்லல்லியா?"

"மறுகா சொல்றன்" என்று எழும்பி வந்துவிட்டேன். என்ன சொல்ல, ராத்தா?

முளைக்கிற முடியைக் கொடியேற்றத்துக்குக் கொண்டுபோய் இறக்குவேன். உன் பெயரில் இனி ஒரு பொய்யும் சொல்லமாட்டேன், சத்தியம். நாளைக்கு அவரிடம் நடந்ததைச் சொல்லப் போகிறேன். அன்று முழுக்க நீ நாக்கு எழும்பாமல் கிடந்தாய், ஒரு சொல் கதைக்கவில்லை. படலை திறக்கிற சத்தம் கேட்ட ஒவ்வொரு தரமும் கண்ணைத் திறந்து வாசலைப் பார்த்தாய். அதைச் சொன்னால் என் பொய் பிடிபடும். பிடிபடட்டும்.

கோபம் இன்னும் தீராத உன் தங்கச்சி,
கலீலின் சாச்சி ஜெமீலா